வார்கரிகளுடன் ஒரு பகல்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் பேச வருவோர் குறளையோ சிலம்பையோ கம்பன் காவியத்தையோ பொருளாகக் கொண்டு பேசுவது வழக்கம். அவ்வழக்கம் நன்று, அது வாழ்க. ஆயினும் இன்று நான் நூல் எதனையும் எடுத்துக்கொண்டு வரவில்லை. நாம் குடியிருக்கும் இந்தப் புனே நகரத்தின் ஊடே ஆண்டுதோறும் செல்லும் ஒரு வழியைப் பற்றியும், அவ்வழியில் ஒரு நாள் நடந்ததைப் பற்றியும் சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

வழியைப் பற்றிப் பேசுவது நம் இலக்கிய மரபுக்குப் புறம்பானதன்று. பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து பாட்டுகள், ஆற்றுப்படை நூல்கள். ‘ஆறு’ என்பது வழி. பரிசில் பெற்று மீளும் கலைஞன், எதிரே வரும் வறிய கலைஞனைக் கண்டு, ‘நீயும் இவ்வழியே செல், இன்ன நிலத்தைக் காண்பாய், இன்ன மக்கள் இன்ன உணவு தந்து உன்னை உபசரிப்பார்கள்’ என்று கூறுவது அதன் இலக்கணம். நடந்து வந்தவன் நடக்கப் போகிறவனுக்குச் சொல்வதையே ஓர் இலக்கிய வகையாக ஆக்கிக்கொண்ட மொழி நம்முடையது. அந்தத் துணிவில்தான் இன்று உங்கள்முன் நிற்கிறேன்.

நான் கூற வந்த வழி, ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் செல்லும் வழி. ஆளந்தி புனேக்கு அருகே இந்திராயணி ஆற்றங்கரையில் உள்ளது. பண்டரிபுரம் பீமா ஆற்றங்கரையில் உள்ளது. பிறை நிலவுபோல் அங்கே வளைந்து செல்வதால் அவ்வாற்றைச் சந்திரபாகா என்று அழைப்பர். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 250 கிலோமீட்டர். ஆண்டுதோறும் நம் ஆனி மாதத்தை ஒட்டி, பல இலட்சம் மக்கள் இந்தத் தொலைவைக் கால்நடையாகவே கடந்து, ஆஷாட ஏகாதசியன்று விட்டலனைக் காணச் செல்கிறார்கள். முழுப் பயணமும் இருபது நாள் அளவில் முடியும். இப்பயணத்துக்கு மராத்தியில் ‘வாரி’ என்று பெயர். முறைதவறாது செய்யும் பயணம் என்பது பொருள். வாரி செல்பவர் வார்கரி. தமிழில் வாரி என்பது கடலையும் வெள்ளத்தையும் குறிக்கும் சொல். அந்த மக்கட் பெருக்கைக் கண்டவர்கள், தமிழ்ப் பொருளும் அதற்குப் பொருந்தும் என்றே கூறுவார்கள்.

விட்டலன் நமக்கு அயலான் அல்லன். பெற்றோர்க்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த புண்டலீகன், வாயிலில் வந்து நின்ற இறைவனுக்கு ஒரு செங்கல்லை இட்டு, ‘பணி முடியும்வரை இதன்மேல் நின்றிரும்’ என்று சொன்னானாம். அவனும் அவ்வாறே இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டானாம். எம். கே. தியாகராச பாகவதர் நடித்து 1944-இல் வெளிவந்த ‘ஹரிதாஸ்’ திரைப்படம் இக்கதையைத் தழுவியதே. தஞ்சையில் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1855 வரை மராட்டியர் அரசாண்டனர். அதன் விளைவாகக் காவிரிக் கரைப் பசனை மடங்களில் துக்காராமின் அபங்கங்கள் இன்றும் ஒலிக்கின்றன. பொருள் அறியாமலேயே அவற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்த அவையிலும் இருக்கக் கூடும்.

வாரியின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1290-இல் பகவத் கீதைக்கு மராத்தியில் ஞானேசுவரி என்னும் உரை இயற்றி, 1296-இல் இளம் பருவத்திலேயே ஆளந்தியில் சமாதியடைந்தவர் ஞானேசுவரர். இந்திராயணிக் கரையிலேயே உள்ள தேகு என்னும் ஊரில் 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் துக்காராம். பண்டரிபுரத்துக்கு நடந்து செல்லும் வழக்கம் இவ்விருவர்க்கும் முந்தியது. அடியார்களின் பாதுகைகளைப் பல்லக்கில் ஏற்றிச் செல்லும் முறையைத் துக்காராமின் மகன் நாராயணர் 1685-இல் தொடங்கினார் என்பர். ஞானேசுவரர் பல்லக்குக்கு இன்றுள்ள ஒழுங்கை அமைத்துத் தந்தவர், 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த ஹைபத்பாபா. அவர் குவாலியர் சிந்தியாவின் அரசவையில் பணிபுரிந்தவர். ஒரு படையை எவ்வாறு நடத்துவது என்பதை அறிந்த கை, ஆயுதமில்லாத ஒரு படையை நடத்தும் முறையை வகுத்தது எனலாம்.

2020, 2021 ஆகிய ஈராண்டுகளிலும் கொரோனாத் தொற்றின் காரணமாக மக்கள் நடக்கவில்லை. பாதுகைகள் மட்டும் பேருந்தில் பண்டரிபுரம் சென்றன. 2022-இல் வழி மீண்டும் திறந்தது. அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில், பல்லக்கு புனேயை விட்டுச் சாஸ்வட் செல்லும் நாளில், நானும் உடன் நடந்தேன். வழியிலுள்ள நாட்பயணங்களில் மிகவும் கடினமானவற்றுள் இதுவும் ஒன்று. தொலைவு ஏறத்தாழ 30 கிலோமீட்டர், இடையே ஒரு மலையேற்றம்.

ஞானேசுவரர் பல்லக்கு நகரில் தங்கும் இடம் பவானி பேட். துக்காராமின் பல்லக்குத் தங்கும் இடம் நானா பேட். பொழுது புலருமுன் பவானி பேட்டை அடைந்தபோது, தெருவெங்கும் மக்கள் எழுந்து நீராடி, நெற்றியில் கோபிசந்தனம் இட்டு, புறப்பட ஆயத்தமாய் நின்றார்கள். ஆடவர்க்கு வெள்ளை உடையும் வெள்ளைக் குல்லாயும். பெண்டிர்க்குக் கச்சம் வைத்துக் கட்டிய ஒன்பது கெசச் சேலை. எல்லார் கழுத்திலும் துளசி மணி. அவர்களுள் பெரும்பாலோர் உழவர்கள். முதல் மழையோடு விதைத்துவிட்டோ, விதைப்பைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டோ வந்தவர்கள்.

இம்மக்கள் குழுக்குழுவாக நடக்கிறார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ‘திண்டி’ என்று பெயர். திண்டி என்றதும் நம்மவர்க்கு இட்டலியும் வடையும் நினைவுக்கு வருவதில் வியப்பில்லை. மராத்தியில் அது அடியார் கூட்டத்தைக் குறிக்கும். ஒவ்வொரு திண்டிக்கும் எண் உண்டு. பாதுகையைத் தாங்கிய வெள்ளித் தேருக்கு முன்னே 27 திண்டிகளும், பின்னே இருநூற்றுக்கு மேற்பட்டவையும் செல்கின்றன. எந்தத் திண்டி எந்த இடத்தில் என்பது மாறுவதில்லை. திண்டிக்குள்ளும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் காவிக் கொடி ஏந்தியோர், அடுத்துத் தாளம் தட்டுவோர், நடுவே மிருதங்கம், வீணை தாங்கியவர், பின்னே பெண்கள். பெண்களுள் ஒருத்தி தலையில் துளசி மாடத்தையும் மற்றொருத்தி தண்ணீர்க் குடத்தையும் சுமந்து வருவார்கள். எல்லாவற்றுக்கும் முன்னே இரண்டு குதிரைகள். ஒன்றன்மேல் கொடி ஏந்திய வீரன். மற்றொன்றன்மேல் எவரும் ஏறுவதில்லை. அது ஞானேசுவரருக்கு உரியது.

ஒருவரை ஒருவர் அவர்கள் அழைக்கும் சொல் ‘மாவுலி’. தாய் என்பது அதன் பொருள். ஞானேசுவரரையே அவ்வாறுதான் அழைக்கிறார்கள். வழியில் இடித்துக்கொண்டவனும் மாவுலி. தண்ணீர் தருபவனும் மாவுலி. காவலர் கூட, ‘மாவுலி, ஓரமாக நடங்கள்’ என்றுதான் சொல்கிறார். மீசை நரைத்த கிழவரும் மாவுலி, பள்ளிச் சிறுமியும் மாவுலி. ஆண்பால் பெண்பால் வேறுபாடும், மூத்தோர் இளையோர் என்னும் வேறுபாடும் அந்த ஒரு சொல்லில் கரைந்துவிடுகின்றன. அன்று காலையிலிருந்து மாலைவரை என் பெயரையோ தொழிலையோ எவரும் கேட்கவில்லை. நானும் மாவுலியாகவே நடந்தேன்.

புல் கேட்டைக் கடந்து ஹடப்சர்வரை வழி நகரத்துக்குள்ளேயே செல்கிறது. இருமருங்கும் புனே மக்கள் நின்று தேநீரும் வாழைப்பழமும் பிசுக்கோத்தும் வழங்குகிறார்கள். மருத்துவர்கள் மேசையிட்டு மருந்து தருகிறார்கள். செருப்புத் தைப்போர் காசு வாங்காமல் வார் தைத்துக் கொடுக்கிறார்கள். முடிதிருத்துவோர் காசு வாங்காமல் முகம் மழிக்கிறார்கள். இளைஞர் சிலர் தரையில் அமர்ந்து, முன்பின் அறியாத கிழவர்களின் கால்களுக்கு எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுகிறார்கள். கணினி நிறுவனங்களில் பணிபுரிவோரும் தமக்கென ஒரு திண்டி அமைத்துக்கொண்டு நடக்கிறார்கள். பொருளாகக் கொடுக்க இயலாதவன் தனக்குத் தெரிந்த தொழிலைக் கொடுக்கிறான். ஈகைக்கு இதைவிட எளிய இலக்கணம் நான் எங்கும் கண்டதில்லை.

ஹடப்சரில் இரு பல்லக்குகளும் பிரிகின்றன. துக்காராம் பல்லக்குச் சோலாப்பூர்ச் சாலையில் நேரே லோணி காள்போர் நோக்கிச் செல்லும். ஞானேசுவரர் பல்லக்கு வலப்புறம் திரும்பிச் சாஸ்வட் சாலையில் செல்லும். இனி இரண்டும் பண்டரிபுரத்துக்கு அருகில்தான் மீண்டும் நெருங்கும். பிரியும் இடத்தில் மக்கள் அழுகிறார்கள் என்று சொன்னால் நகரத்தார் நம்பமாட்டார்கள். நாள் முழுதும் ஒன்றாய் நடந்த இரு கிழவிகள், வெவ்வேறு சாலைக்குத் திரும்புமுன் ஒருவர் காலை ஒருவர் தொட்டு வணங்கியதை நான் என் கண்ணால் கண்டேன்.

ஹடப்சரைத் தாண்டியதும் புர்சுங்கி, உருளி தேவாச்சி என்னும் ஊர்கள் வருகின்றன. அன்பர்களே, இவ்விடத்தில் சற்று நின்று பேச வேண்டும். புனே நகரத்தின் குப்பை பல பத்தாண்டுகளாக இவ்வூர்களின் எல்லையில்தான் கொட்டப்பட்டு மலைபோல் குவிந்தது. கிணற்று நீர் கெட்டது; காற்றும் கெட்டது. அவ்வூரார் பலமுறை ஒன்று திரண்டு குப்பை வண்டிகளை மறித்து நிறுத்தியிருக்கிறார்கள். வண்டியில் விரைந்து செல்பவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அரை நிமிடத்தில் அந்த நாற்றத்தைக் கடந்துவிடுவான். நடப்பவனுக்கு அந்த வசதி இல்லை. நம் வீட்டு வாயிலில் ஒவ்வொரு காலையும் நாம் வைத்த குப்பை எங்கே சென்றது என்பதைக் காலால் அறியும் இடம் அது. ஒரு நகரத்தின் சிறப்பை அதன் கோட்டையிலும் கல்லூரியிலும் காணலாம். அதன் கடனை அதன் எல்லையில்தான் காணலாம்.

அவ்வழியில் பர்பணி மாவட்டத்து உழவர் ஒருவர் என்னோடு நடந்தார். கடைத்தெருவில் கற்ற என் மராத்தியைக் கேட்டதும் நான் இந்நாட்டான் அல்லன் என்பதை அறிந்துகொண்டார். ‘எந்தப் பக்கம், மாவுலி?’ என்றார். ‘மதராசுப் பக்கம்’ என்றேன். ‘இங்கே எத்தனை ஆண்டு?’ என்றார். இருபதுக்கு மேல் என்றேன். சிறிது தொலைவு பேசாமல் நடந்தவர், தம் இளைய மகனும் பிம்பிரியில் ஓர் இயந்திரப் பட்டறையில் வேலை பார்ப்பதாகவும், நால்வர் சேர்ந்து ஓர் அறையில் இருப்பதாகவும் கூறினார். ‘மூன்று ஆண்டு மழை இல்லை, அவனும் வயலை விட்டுப் போய்விட்டான். அவனும் இந்த ஊருக்கு உங்களைப் போல வெளியூரான்தான்’ என்றார்.

அவர் அதனை வருத்தத்தோடும் சொல்லவில்லை; ஆறுதலாகவும் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். ஆனால் அச்சொல் என் உள்ளத்தில் தைத்தது. மொழி வேறானவர்களையே வெளியூரார் என்று நாம் எண்ணுகிறோம். இம்மண்ணின் மொழியையே பேசும் உழவன் மகனும், மழை பொய்த்ததனால், இதே நகரத்தில் நம்மைப் போலவே வாடகை அறையில் ஊர் நினைவோடு இருக்கிறான். ஊரை விட்டு வந்தவர் என்னும் உறவு, மொழியால் பிரிந்தவர்களையும் இணைக்க வல்லது. அதை அறிந்துகொள்ள எனக்கு ஹடப்சருக்கு அப்பால் சில கிலோமீட்டர் நடை தேவைப்பட்டது.

நண்பகலில் மலையடிவாரத்து வட்கியை அடைந்தோம். திண்டிகளின் சாமான்களைச் சுமந்து முன்னே சென்ற சரக்கு வண்டிகள் அங்கே நிற்கின்றன. பாக்கரி என்னும் தடித்த ரொட்டியும், கடலைமாவில் செய்த பிட்லாவும், பச்சை மிளகாய்த் துவையலும் உணவு. எந்தத் திண்டியின் முன் சென்று நின்றாலும் இலை போடுகிறார்கள்.

வட்கிக்குப் பின் திவே கணவாய் தொடங்குகிறது. ஏறத்தாழ 4 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலை. தேரை இழுக்கும் எருதுகளோடு கூடுதலாகச் சில சோடி எருதுகளையும் இங்கே பூட்டுகிறார்கள். நான் ஏறத் தொடங்கியபோது மேற்கிலிருந்து மழை வந்தது. எவரும் ஒதுங்கவில்லை. தாளம் நிற்கவில்லை. சிலர் பிளாஸ்டிக்குத் தாளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்கள். பலர் அதையும் செய்யவில்லை. மூச்சு வாங்கும் ஏற்றத்தில் பாட்டு எவ்வாறு வருகிறது என்று வியந்தேன். பிறகு புரிந்தது: ஒருவர் அடியெடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவதால், பாடாத நேரத்தில் மூச்சு மீள்கிறது, தாளம் காலை நடத்துகிறது. நம் நாற்று நடவுப் பாட்டிலும் ஏலேலோப் பாட்டிலும் இந்த அறிவு இருக்கிறது. கூட்டமாக உழைப்பவர்கள் எந்த நாட்டிலும் இதனைக் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள்.

பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். கீழே பேஷ்வா காலத்து மஸ்தானி ஏரி. அதற்கும் அப்பால், மழைத்திரைக்குப் பின்னே, புனே நகரத்தின் அடுக்கு மாடிகள். மலைச்சாலையின் ஒவ்வொரு வளைவிலும் மனிதர்கள். வெள்ளைக் குல்லாய்களும் காவிக் கொடிகளும், வளைவு வளைவாக அடிவாரம்வரை. இருபது ஆண்டு வாழ்ந்த ஊரை முதன்முதலாக முழுமையாகக் கண்டேன். உள்ளே இருப்பவனுக்கு ஊர் தெரிவதில்லை. நடந்து வெளியே வந்து நிற்பவனுக்கே தெரிகிறது.

மலைக்கு மேலே நிலம் மாறிவிடுகிறது. காற்றுக் குளிர்ந்து வீசுகிறது. இது புரந்தர் வட்டம்; அத்திப் பழத்துக்கும் சீத்தாப் பழத்துக்கும் பெயர் பெற்றது. 1665-இல் சிவாஜிக்கும் முகலாயப் படைத்தலைவர் ஜெய்சிங்குக்கும் உடன்படிக்கை ஏற்பட்ட புரந்தர்க் கோட்டை இவ்வட்டத்திலேயே உள்ளது. கர்ஹா ஆற்றங்கரையில் சாஸ்வட். ஞானேசுவரரின் தம்பி சோபான தேவர் சமாதியடைந்த ஊர் அது. அண்ணன் தம்பியைக் காண வருகிறார் என்றே அவ்வூரார் அன்றைய நாளைக் கொண்டாடுகிறார்கள்.

பொழுது சாய்ந்தபின் தேர் ஊருக்கு வெளியேயுள்ள வெளியை அடைந்தது. அங்கே நான் கண்ட ஒன்றைச் சொல்லாமல் இவ்வுரையை முடிக்க இயலாது. பல்லக்கைச் சுற்றித் திண்டிகள் எல்லாம் வட்டமாக நிற்கின்றன. ஆயிரக்கணக்கான தாளங்களும் மிருதங்கங்களும் ஒலிக்கின்றன. அருகில் நிற்பவர் பேசுவது கேட்காது. அப்போது சோப்தார் எனப்படும் கோல்காரர், வெள்ளி முனைக் கோலை உயர்த்துகிறார். அவ்வளவுதான், ஒரு நொடியில் எல்லா ஒலியும் அடங்கிவிடுகிறது. குழந்தை அழும் ஒலி தவிர வேறொன்றும் இல்லை.

ஆனால் எந்தத் திண்டிக்காவது குறை இருந்தால், அது மட்டும் தாளத்தை நிறுத்துவதில்லை. கோல் உயர்ந்த பின்பும் தட்டிக்கொண்டே இருக்கும். கோல்காரர் அங்கே சென்று குறையைக் கேட்பார். தண்ணீர் வண்டி வரவில்லை, வரிசையில் தம் இடத்தில் வேறொருவர் புகுந்துவிட்டார் என்பன போன்றவை. குறை கேட்டு முடிவு சொன்ன பின்பே தாளம் அடங்கும். பிறகு அன்று வழியில் கிடைத்த பொருள்களை அறிவிப்பார்கள்: ஒரு மூக்குக் கண்ணாடி, ஒரு பணப்பை, ஒரு கைக்கடிகாரம். மறுநாள் செய்திகளையும் கூறுவார்கள். அதன் பின்னரே ஆரத்தி. மனுநீதிச் சோழன் அரண்மனை வாயிலில் கட்டிய ஆராய்ச்சி மணியைப் பற்றி நாம் பெருமையோடு பேசுகிறோம். அந்த மணியின் நாவை இங்கே ஒவ்வோர் உழவனும் தன் கையிலேயே வைத்திருக்கிறான். குறையுடையவன் வாய் மூடியிருக்க வேண்டும் என்று அந்தக் கூட்டம் எண்ணவில்லை. அவன் குறை தீரும்வரை இறைவனுக்கும் ஆரத்தி இல்லை.

கண்டதைப் புகழ்ந்து மட்டும் பேசினால் அது முழு உண்மையாகாது. மானிடவியல் அறிஞர் இராவதி கர்வே தாம் நடந்த வாரியைப் பற்றி எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. 1962-இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. பகலெல்லாம் ஒரே திண்டியில் ஒன்றாய்ப் பாடி நடந்தவர்கள், உணவு வேளையில் சாதி பார்த்துத் தனித்தனியே அமர்ந்ததை அவர் அதில் மனம் நொந்து எழுதியிருக்கிறார். 14-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சொக்காமேளா, மகார் குலத்தில் பிறந்தமையால் பண்டரிபுரக் கோயிலுள் நுழைய இயலாதவர். அவர் சமாதி இன்றும் கோயில் வாயிற்படிக்கு எதிரேதான் உள்ளது. நம் நந்தனார் கதை இதனின்றும் வேறன்று. அக்கோயிற் கதவு எல்லார்க்கும் திறக்க 1947 மே மாதத்தில் சானே குருஜி உண்ணா நோன்பு இருக்க வேண்டியதாயிற்று. மதுரையில் வைத்தியநாத ஐயர் 1939 ஜூலை 8-இல் ஆலயப் பிரவேசம் நடத்தியதை இங்கே நினைவுகூரலாம். மாவுலி என்னும் சொல் உண்மையாவதற்கு எழுநூறு ஆண்டு போதவில்லை. ஆயினும் அச்சொல்லை நாள்தோறும் நாவால் சொல்கிறவர்களிடம், ‘சொன்னபடி நடவுங்கள்’ என்று கேட்க நமக்கு ஓர் உரிமை உண்டாகிறது. சொல்லாதவர்களிடம் அதையும் கேட்க முடியாது.

மற்றொரு குறை கண்ணுக்கு எளிதில் தெரிவது. பல்லக்குச் சென்ற பின் சாலையெங்கும் காகிதக் குவளைகளும் பிளாஸ்டிக்குப் பைகளும் சிதறிக் கிடக்கின்றன. அன்போடு கொடுத்ததன் மிச்சம் அந்த உருளி தேவாச்சிக் குப்பையோடு சேர்கிறது.

இனி நம்மைப் பற்றி. 1966-இல் பம்பாயில் தோன்றிய ஓர் அரசியல் இயக்கம், தென்னாட்டாரை அயலார் என்று சுட்டிக் கிளர்ச்சி செய்தது. அந்நாட்களின் அச்சத்தை நம் மூத்தோர் சிலர் அறிவார்கள். அச்சம் நீங்கிய பின்பும் அதன் பழக்கம் நீங்கவில்லையோ என்று ஐயுறுகிறேன். நாம் நமக்குள் கூடுகிறோம்; நம் பண்டிகைகளைக் கொண்டாடுகிறோம்; குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறோம். இவை எல்லாம் வேண்டியவையே. ஆனால் கணியன் பூங்குன்றனார் பாட்டை மேடைதோறும் முழங்கும் நாம், பல்லக்கு வரும் இரண்டு நாளையும், எந்தச் சாலை அடைபட்டிருக்கும், அலுவலகத்துக்கு எவ்வழியே செல்வது என்ற கேள்வியோடு மட்டும் கழித்துவிட்டால், இந்த ஊர் நம் ஊராவது எவ்வாறு? எல்லா ஊரும் நம் ஊர் என்பது நாவுக்கு எளிது, காலுக்குத்தான் கடினம்.

இங்கே பிறந்த நம் பிள்ளைகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர்களிடம் ‘உன் ஊர் எது?’ என்று கேட்டால், விடுமுறையில் பத்து நாள் சென்று வரும் திருநெல்வேலியையோ கும்பகோணத்தையோ சொல்லத் தயங்குகிறார்கள். புனே என்று சொல்லவும் தயங்குகிறார்கள். இரண்டு ஊர் உடையவர்களாக வளர வேண்டிய குழந்தைகள், ஓர் ஊரும் இல்லாதவர்களாக வளரலாமா? தமிழைக் கற்பிப்பது நம் கடன். இம்மண்ணைக் காலால் அறியச் செய்வதும் நம் கடனே. ஒன்று மற்றொன்றுக்குப் பகையன்று. பழனிக்குப் பாதயாத்திரை செல்வோரைக் கண்டு வளர்ந்த நமக்கு, பண்டரிபுரம் செல்வோரைப் புரிந்துகொள்ள மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை.

ஆகவே சங்கத்தார்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது: அடுத்த வாரியில் நம் இளைஞர்கள் ஒரு நாளேனும் நடக்க வேண்டும். ஒரு நாள் உடன் நடப்பதற்கு எவரிடமும் இசைவு பெற வேண்டுவதில்லை, கட்டணமும் இல்லை. பழகிய காலணியையே அணிய வேண்டும். புதியது கொப்புளம் தரும். மாற்றுக் காலுறையும் மழைச் சட்டையும் தண்ணீர்க் குப்பியும் சிறிது உப்பும் வெல்லமும் போதும். சிறுவர்களும் முதியோர்களும் மலையேறாமல் ஹடப்சரோடு திரும்பிவிடலாம். சாஸ்வட்வரை செல்வோர், அன்று அச்சாலை வண்டிகளுக்கு அடைபட்டிருக்கும் என்பதை நினைவில் வைத்து, போப்தேவ் கணவாய் வழியே திரும்பத் திட்டமிடுவது நலம்.

இரண்டாவது: ஹடப்சர்ச் சாலையோரத்தில் நம் சங்கம் ஒரு தண்ணீர்ப் பந்தல் அமைக்க வேண்டும். திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்த அப்பூதியடிகளின் மரபு நம்முடையது. நீர்மோரும் பானகமும் கொடுப்போம். காகிதக் குவளையில் அன்று, கழுவி மீண்டும் பயன்படுத்தும் எவர்சில்வர்க் குவளையில். பல்லக்குச் சென்ற பின், நம் பந்தலின் இருபுறமும் சாலையைக் கூட்டிவிட்டே வீடு திரும்புவோம்.

மூன்றாவது: நம் நூலகத்தில் ஒரு மராத்திப் பகுதி வேண்டும். இராவதி கர்வேயின் கட்டுரையும், தி. பா. மோகாசி வாரியைப் பற்றி எழுதிய ‘பால்கி’ என்னும் நூலும் அதில் முதலிடம் பெறட்டும். அவற்றைத் தமிழில் சொல்லிக் கொடுக்கக்கூடிய அன்பர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரு மாலைக் கூட்டம் அதற்கென ஒதுக்கலாம்.

இந்த வழியும் மாறி வருகிறது. 2021 நவம்பரில் இதனை நான்கு வழி நெடுஞ்சாலையாக்கும் பணிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. சாலையின் இருமருங்கும் நடப்பவர்களுக்கெனத் தனிப் பாதை அமைப்பது அத்திட்டத்தின் பகுதி. நெடுஞ்சாலை அமைப்போர் நடப்பவனையும் எண்ணிப் பார்ப்பது நம் நாட்டில் அரிது. அந்தத் தனிப் பாதையை அவனுக்கு வாங்கித் தந்தது பல நூற்றாண்டுகளாக விடாமல் நடந்த கால்கள்தாம். நடக்கிறவர்கள் இருக்கும்வரைதான் நடைபாதைக்கும் இடம் இருக்கும். அந்தக் கால்களுள் சில தமிழ்க் கால்களாகவும் இருக்கட்டும் என்பதே என் விருப்பம்.

வழியைச் சொல்லிவிட்டேன், ஆற்றுப்படுத்துவோன் கடமை அவ்வளவே.